வெறுவெளியில் திறந்த கதவு

1991-ஆம் ஆண்டு, ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரகடத்துக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவே, ஏரியை ஒட்டிய ஒரு சிற்றூரில் விலைக்கு வந்திருந்த வீடு ஒன்றைப் பார்க்கப் போனோம். இன்று அந்தச் சாலையில் தொழிற்சாலை மதில்களும் வரிசையாக நிற்கும் சரக்கு லாரிகளுமே கண்ணில் படுகின்றன. அன்று இருபுறமும் வேர்க்கடலைக் கொல்லைகள், எப்போதாவது ஒரு பேருந்து, அவ்வளவுதான்.

போனவர்கள் மூவர்: நான், என் கணவர், அவருடைய தாயார். நான் படப்பைக்கு அருகில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. கணவர் திருப்பெரும்புதூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் வெல்டர். படப்பையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். படிக்கட்டு செங்குத்தானது. அத்தையின் முழங்கால்கள் இரண்டும் ஓய்ந்துபோன பிறகு, அவர் இரண்டு ஆண்டுகளாக மண்ணை மிதிக்கவேயில்லை. மருத்துவமனைக்குப் போவதென்றால் நாற்காலியோடு தூக்கி இறக்குவோம். "பொணத்தக்கூட ஒரு தபாதான்டா எறக்குவாங்க. என்னைய எத்தினி தபாடா எறக்குவீங்க?" என்று மகனைக் கேலி செய்வார். கேலிதான், ஆனால் அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

இதற்கிடையே, வீட்டு உரிமையாளர் தம் மகனின் திருமணத்தை முன்னிட்டு, ஐப்பசிக்குள் காலி செய்துவிடுமாறு கூறிவிட்டார். எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அத்தை பிறர் தூக்காமல் தாமே நடந்து வெளியே வரக்கூடிய ஒரு வாசல். அதற்காக எங்கள் சேமிப்பு முழுவதையும், என் கழுத்திலும் காதிலும் கிடந்தவற்றையும் கொடுத்துவிடத் துணிந்திருந்தோம். ஏமாந்தால் இன்னொரு முறை முயல்வதற்கு எங்களிடம் எதுவும் மிஞ்சாது.

அந்த வீட்டை ஊரார் 'பர்மா வூடு' என்றார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த ஒருவர் பல காலத்துக்கு முன்பு கட்டியதாம். மேல்தளம் முழுவதும் தேக்குப் பலகை, அதன்மேல் ஓடு. கீழ்த்தளம் செங்கற்சுவர். முன்புறத்தில் கருங்கற்படிகள் மேல்தளத்துக்கு ஏறின. அங்கேதான் பூவேலை செய்த நிலையும் இரட்டைக் கதவும் இருந்தன. கீழ்த்தளத்துக்கோ மிகச் சாதாரணமான ஒற்றைப் பலகைக் கதவு. இவற்றையெல்லாம் மிஞ்சிய விந்தை கிழக்குப் பக்கத்தில் இருந்தது. மேல்தளத்துச் சுவரில் ஒரு கதவு. அதற்கு வெளியே படி இல்லை, மாடம் இல்லை, கைப்பிடிகூட இல்லை. திறந்தால் வெறுவெளி, கொஞ்ச தூரம் தள்ளி, புதர் மண்டிய ஒரு மண்மேடு.

அத்தை வாடகை ஆட்டோவில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா டீச்சரு, இந்தக் கதவு மாமியாருக்கா, மருமவளுக்கா?"

வீட்டை விற்பவர் வாய்விட்டுச் சிரித்தார். செங்கற்சூளை வைத்திருந்தவர்; பேச்சில் வல்லவர். "அது பர்மாக்காரரு காத்து வாங்க வெச்சதும்மா. ஆணி அடிச்சி மூடிட்டேன். ரெண்டு பேரும் பயப்படாதீங்க" என்றார்.

கீழ்த்தளத்துக்குள் நுழைந்தோம். தரையோடு தரையாக வாசல். சிவப்புக் காரை இட்ட குளிர்ந்த தரை. அத்தை கைத்தடியை ஊன்றி, யார் தோளையும் பிடிக்காமல், நான்கு அடி எடுத்துவைத்து மேற்குச் சன்னலருகே போய் நின்றார். நின்றவர் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். கணவர் சட்டென்று வெளியே போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் போனார் என்பது எனக்குத் தெரியும்.

விற்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பின்னாலேயே போய், "ஆடி பொறக்கறதுக்கு முன்னால வெள்ளிக்கிழம ஒரு நாளுதான் கீது சார். அன்னிக்கி அட்வான்ஸ் குடுத்துட்டீங்கன்னா வூடு உங்களுது. மெட்ராசுலேந்து ஒரு பார்ட்டி தெனம் ஆள் அனுப்பிகினு கீது. அப்புறம் என்னைய கேக்காதீங்க" என்றார். ஆடியில் யாரும் வீடு, நிலம் பேசி முடிப்பதில்லை. கணவர் தலையசைத்துவிட்டார்.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்: நானும் மனத்துக்குள் தலையசைத்துவிட்டேன். சமையலறையில் எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று எண்ணிக்கொண்டே விளக்கைப் போடக் கையை நீட்டினேன். சுவிட்சு கைக்கு எட்டவில்லை. அது என் தலைக்கும் மேலே இருந்தது. நுனிக்காலில் நின்று எட்டிப் போட வேண்டியிருந்தது. அடுத்த அறையிலும் அப்படியே. "கொழந்தைங்க கை வெச்சிடக் கூடாதுன்னு ஒசரமா வெச்சேன் டீச்சரம்மா" என்றார் விற்பவர். நல்ல அக்கறைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சுவர்களில் தோள் உயரம் வரை சுண்ணாம்பு பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலே மங்கலும் ஒட்டடையும். பொங்கலுக்கு அடித்தது என்றார். ஆனால் அறை முழுவதும் நேற்று அடித்ததுபோன்ற வாடை. மாடிக்கு ஏறிப் பார்த்தேன். அங்கே ஒரு மூலையில் ஆட்டுக்கல் கிடந்தது. கீழே இவ்வளவு பெரிய சமையலறை இருக்கும்போது, நான்கு ஆள் சுமையான கல்லை யார் எதற்காக மாடிக்குக் கொண்டுபோனார்கள்? கேள்வி எழுந்தது, எழுந்த வேகத்திலேயே அமுங்கிவிட்டது. அத்தையின் சிரிப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் நிலமோ வீடோ விற்பவர், வாங்குபவரை அழைத்துக்கொண்டு நான்கு பக்கமும் நடந்து எல்லை காட்டுவது வழக்கம். அவரும் காட்டினார்: வடக்கு, கிழக்கு, தெற்கு. மேற்குப் பக்கம், சமையலறைக்குப் பின்னால், வேலிக்காத்தான் முள் அடர்ந்து கிடந்தது. "அங்க வாணாம் டீச்சரம்மா, பாம்பு கீம்பு கீது" என்றார். நானும் போகவில்லை.

புறப்படும்போது, அண்டையில் ஓலைக்கூரை வீட்டில் இருந்த பெண்மணி ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தார். "வூடு பாக்க வந்தீங்களா? வாங்க, வாங்க. எல்லாரும் ஆனியிலதான் வராங்க. ஐப்பசியில ஒருத்தரும் எட்டிப் பாத்ததில்ல" என்றார். விற்பவர், "ஒன் ஆட்ட பாத்துகினு போ" என்று எரிந்துவிழுந்தார். ஆட்டோவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நானுந்தான் சிரித்தேன்.

மறுநாள் பள்ளியில், உணவு இடைவேளையில், விற்பவர் கொடுத்திருந்த பத்திர நகலை எடுத்துப் படித்தேன். எந்த எழுத்தையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்திடும் வழக்கம் எனக்கு இல்லை. நான்கு எல்லைகள் எழுதியிருந்தன. மேற்கே 'காலியிடம்' என்று இருந்தது. யாருடைய காலியிடம்? மற்ற மூன்று பக்கங்களிலும் உரிமையாளர் பெயர் இருக்க, மேற்குக்கு மட்டும் ஏன் இல்லை? அவர் காட்டாமல் விட்ட பக்கமும் அதுதானே?

அந்த ஒரு சொல்லிலிருந்து எல்லாம் அவிழத் தொடங்கியது. எட்டாத சுவிட்சு. தோளளவுச் சுண்ணாம்பு. மாடியில் ஆட்டுக்கல். ஐப்பசியில் யாரும் வராத வீடு. தனித்தனியே பார்த்தபோது ஒவ்வொன்றும் வேடிக்கையாகத்தான் இருந்தது. நான்கையும் சேர்த்து வைத்தபோது, மழைக்காலத்தில் அந்த அறைகளுக்குள் நீர் ஏறி நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

விற்பவர் வாங்குவதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தைக் கேட்டபோது, அது அண்ணன் வீட்டுப் பெட்டியில் இருப்பதாகச் சொன்னார். நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுக் கொடுத்தேன். வியாழக்கிழமை கிடைத்தது. பேருந்திலேயே பிரித்தேன். 'மேற்கே ஏரிக் கலங்கல் கால்வாய்' என்று தெளிவாக எழுதியிருந்தது. ஏரி நிறைந்தால் மிகுந்த நீர் வழிந்தோடும் இடம் கலங்கல். அந்த நீர் போகும் வழியே அந்தக் கால்வாய். வீட்டைப் பற்றிய விவரமும் இருந்தது: பதினாறு கருங்கற்கால்களின்மேல் நிறுத்திய மரவீடு. கீழ்த்தளம் என்ற பேச்சே அதில் இல்லை. நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டிருந்தேன்.

மாலையில் கணவரிடம் சொன்னேன். அவர் பத்திரத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கம்மா நாலடி நடந்தத நீ பாக்கலையா?"

"பாத்தேன். ஐப்பசியிலயும் நடக்கணும்னுதான் சொல்றேன்."

உள்ளே அத்தை புதுவீட்டுக்காக எடுத்துவைத்த பொருள்களை மீண்டும் மீண்டும் துடைத்துக்கொண்டிருந்த ஓசை கேட்டது. நான் சொல்வது தவறாக இருக்கக்கூடாதா என்று நானே அப்போது வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மூவருமே போனோம். அத்தை வராமல் இருக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். விற்பவர் புது வேட்டியும் வெற்றிலைத் தட்டுமாகக் காத்திருந்தார். முன்பணத்துக்கு முன்னால் நான்கு எல்லையும் பத்திரத்தோடு நடந்து பார்த்துவிடலாம், மேற்கையும் சேர்த்து என்றேன். அவருடைய சிரிப்பு முகத்திலேயே நின்றது. கண்களிலிருந்து மட்டும் போய்விட்டது. முள் என்றார், பாம்பு என்றார், நல்ல நேரம் தவறுகிறது என்றார். நான் முள்ளுக்குள் இறங்கினேன். புடவை கிழிந்தது. எங்கிருந்தோ அந்த ஆட்டுக்காரப் பெண்மணி, தழை ஒடிக்கும் தொரட்டியோடு வந்து, முள்ளை விலக்கி எனக்கு வழி செய்தார்.

அங்கே இருந்தது கால்வாய். ஏரிப் பக்கத்திலிருந்து ஆள் இறங்கி நடக்கும் அகலத்தில் வந்து, அந்த வீட்டருகே உடைந்த செங்கற்குவியலில் முட்டி நின்றது. குவியலின்மேல் எழும்பியிருந்தது, நான் மனத்துக்குள் பாத்திரங்களை அடுக்கிப் பார்த்து மகிழ்ந்த சமையலறை. அதைத் தாண்டித் தெற்கே கால்வாய் மீண்டும் தொடங்கியது.

"மூணு வருசமா அந்தத் தண்ணி எங்க வூட்லதான் டீச்சரம்மா பூருது" என்றார் அந்தப் பெண்மணி. "போன மழயில ரெண்டு குட்டிய அடிச்சிகினு போச்சு. கேட்டா, 'என் எடம், நான் மூடுவேன்'னு சொல்றாரு."

விற்பவருக்கு ஆத்திரம் பொங்கியது. "இன்னா டீச்சரம்மா, ஸ்கூல்ல பரீட்ச பேப்பர் திருத்துற மாதிரி என் வூட்ட திருத்திகினு கீற?"

"ஆமாங்க. மாடி நல்ல மார்க்குல தேறிடுச்சு. கீழ்த்தளந்தான் தேறலை" என்றேன்.

ஆட்டுக்காரப் பெண்மணி சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டு ஓடின.

அதுவரை ஒதுங்கி நின்ற என் கணவர், அப்போதுதான் சுவரருகே போனார். இரும்போடு பழகியவர், தட்டிப் பார்த்தே பொருளின் உள்ளீட்டை அறிவார். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று, சாவியால் பூச்சைச் சுரண்டினார். உள்ளே கருங்கல். இன்னும் சில அடி தள்ளி மீண்டும் கருங்கல். பர்மாக்காரர் வீட்டைக் கால்களின்மேல் நிறுத்தி, கீழே நீருக்கு வழி விட்டிருக்கிறார். வாங்கிய இவரோ கால்களுக்கு நடுவே சுவர் எழுப்பி, நீரின் வழியில் அறைகளைக் கட்டியிருக்கிறார்.

கணவர் அதோடு நிற்கவில்லை. அண்ணாந்து, அந்த வெறுவெளிக் கதவைப் பார்த்தார். எதிரே இருந்த மண்மேட்டைப் பார்த்தார். விறுவிறுவென்று மேட்டில் ஏறிப் புதரை விலக்கினார். "இங்க வா, இங்க வா!" என்று கத்தினார். புதருக்குள் இரண்டு கருங்கற்கம்பங்கள், ஒவ்வொன்றிலும் துளைகள். கதவின் அடியிலிருந்த உத்தரத்திலும் அதே அளவில் துளைகள். "போல்ட் ஓட்ட இது. இங்க பாலம் இருந்திருக்கு. மேடும் மாடித் தரையும் ஒரே மட்டம், பாரு!"

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தைக்கு எல்லாம் அரைகுறையாகத்தான் கேட்டது. அங்கிருந்தே கேட்டார்: "மறுபடியும் என்னைய மாடியிலயா ஏத்தப் போறீங்க?"

கணவர் மேட்டிலிருந்தே குரல் கொடுத்தார்: "மாடி இல்லம்மா! மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு வரைக்கும் சாய்வாதான் இருக்கு. ரோட்லேந்து மேட்டுக்கு, மேட்டுலேந்து நேரா வூட்டுக்குள்ள. ஒரு படிகூட கெடயாது!"

எங்கள் நிபந்தனையை விற்பவரிடம் சொன்னோம்: கீழ்ச்சுவர்களை இடிக்க வேண்டும், சமையலறையை எடுத்துக் கால்வாயைத் தோண்டி விட வேண்டும், பத்திரத்தில் மேற்கு எல்லை கால்வாய் என்றே எழுதப்பட வேண்டும். அப்படியானால் வாங்குகிறோம். "ஒவ்வொரு கல்லும் என் சூளையில சுட்டது. அத்த இடிக்கணுமா?" என்று வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடி பிறந்தது. எங்களுக்கு அது நீண்ட மாதம். வாடகை வீட்டு உரிமையாளர் இருமுறை வந்து, காலி செய்ய வேண்டியதை நினைவூட்டினார். அத்தை கேலி பேசுவதை நிறுத்திவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கணவர் மட்டும் நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் பாலம் வரைந்துகொண்டே இருந்தார். கிடைக்காத வீட்டுக்குப் பாலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆவணி முதல் வாரத்தில் எங்கள் படிக்கட்டின் அடியில் ஒரு குரல் கேட்டது. விற்பவர்தான். சென்னைக்காரர் எவரும் வரவில்லை போலும். "டீச்சரம்மா, இடிச்சிக் குடுத்துடறேன். ஆனா செங்கல்ல நான் எடுத்துகினு பூடுவேன்" என்றார். மாடியிலிருந்த அத்தைக்கு அது கேட்டுவிட்டது. "எடுத்துக்கோப்பா! சுண்ணாம்பையும் சொரண்டி எடுத்துகினு போ!" என்று பதில் போனது. இழந்திருந்த கேலி திரும்பிவிட்டது.

சுவர்கள் இடிந்தன. பதினாறு கால்களும் மூன்று ஆண்டுகளுக்குப் பின் வெயிலைப் பார்த்தன. கால்வாயைத் தோண்டியபோது ஆட்டுக்காரப் பெண்மணியின் குடும்பம் முழுவதும் மண்வெட்டியோடு வந்து நின்றது. கணவர் விடுமுறை எடுத்து, இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்து, பலகை பதித்து, இருபுறமும் கைப்பிடி வைத்துப் பாலத்தை முடித்தார். ஆணிகளைப் பிடுங்கி அந்தக் கதவைத் திறந்த அன்று, அத்தை முதல் ஆளாகக் கைத்தடியோடு நடந்து உள்ளே போனார். யாரும் தூக்கவில்லை. யாரும் தொடவுமில்லை.

ஐப்பசி வந்தது. அடைமழை. ஏரி நிறைந்து வழிவதை அங்கே 'கோடி போவது' என்பார்கள். ஒரு விடியலில் "ஏரி கோடி போவுது!" என்ற கூக்குரல் கேட்டு விழித்தோம். கீழே பார்த்தேன். செந்நிற வெள்ளம் கால்வாயை நிரப்பி, கரை புரண்டு, எங்கள் வீட்டுக் கால்களுக்கு இடையே சுழித்துக்கொண்டு தெற்கே ஓடியது. எந்த இடத்தில் அத்தையின் கட்டிலைப் போடுவதாக இருந்தோமோ, அந்த இடத்தில் இடுப்பளவு நீர். மேலே பலகைத் தரையில் ஒரு துளி ஈரமில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

ஊரே திரண்டு மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. "பர்மா வூடு கால நனைச்சிகினு நிக்குது பாரு!" என்று யாரோ கத்தினார்கள். அத்தை குடையை விரித்துக்கொண்டு, கீழே ஓடும் வெள்ளத்தின்மேல், பாலத்தில் நிதானமாக நடந்து மேட்டுக்குப் போனார். அந்தப் பெண்மணியைத் தேடிப் பிடித்து, "இன்னாடி, ஒன் வூட்ல தண்ணி பூந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல ஆயா! அடுப்புச் சாம்பல்கூட நனையல!"

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிறுமிகளைப்போலச் சிரித்தார்கள். நான் பாலத்தின் நடுவில் நின்று அதைப் பார்த்தேன். என் வாழ்வில் அதைவிடப் பெரிய வெற்றி எதுவும் எனக்கு நேர்ந்ததில்லை.

கூட்டத்தின் ஓரத்தில், தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியபடி, வீட்டை விற்றவர் நின்றார். வெள்ளத்தையும் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். அருகில் போனேன். "என்னாண்ட வித்தவங்களும் ஆனியிலதான் டீச்சரம்மா காட்டுனாங்க" என்றார் மெதுவாக. "கீழ இவ்ளோ எடம் சும்மா கெடக்குதேன்னு செவுரு வெச்சேன். மொத மழயிலயே வூட்ல இருந்த அத்தினியும் போச்சு. ஏன் கால் வெச்சிக் கட்டினாருன்னு கேக்கத் தோணல." வாங்கியபோது அவர் ஏமாந்தார், விற்கும்போது அதையே எங்களுக்குச் செய்யப் பார்த்தார். அன்று அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தயங்கித் தயங்கி, "மேல வரலாமா?" என்றார்.

"வாப்பா, நடந்தே வா. மாடி இல்ல இது" என்றார் அத்தை.

காப்பி கொடுத்து அனுப்பினோம்.

அத்தை தம் இறுதிநாள் வரை அந்த வாசலில் வெளியே போய், அந்த வாசலில் உள்ளே வந்தார். இப்போது இந்தப் பக்கத்தில் மனை வாங்க, வீடு வாங்க வருபவர்கள் சிலர் என்னையும் உடன் அழைத்துப்போகிறார்கள். நான் சுவிட்சின் உயரத்தைப் பார்க்கிறேன்; காட்டாமல் விட்ட பக்கத்துக்குப் போகிறேன்; மழைக்காலத்தில் ஒருமுறை காட்டச் சொல்கிறேன். மனம் நிறைய விரும்பிய ஒன்றிடம் கேள்வி கேட்பது அதைக் கைவிடுவதாகாது என்பதை, கிழக்கே திறக்கும் அந்தக் கதவு இன்றும் ஒவ்வொரு காலையும் எனக்கு நினைவூட்டுகிறது.